பேசும் ரயில்களுக்கு ஒரு சமாதானக் கூட்டம்

ரயில் இன்ஜினுக்கும் சாதி உண்டு என்பதை உலகுக்கு முதன்முதலில் எழுத்துபூர்வமாக அறிவித்த பெருமை எங்கள் அலுவலகத்தையே சேரும். நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தவர்களும் தண்டவாளம் போட்டவர்களும் வெளிநாட்டில் இருக்கலாம். அவர்கள் இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்களே தவிர, அது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கவில்லை. நாங்கள் விசாரித்தோம். மூன்றே நாளில் விசாரித்து முடித்து, முத்திரை வைத்துச் சான்றும் கொடுத்தோம்.

அலுவலகத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சுற்றுவட்டாரத்து அலுவலகங்கள் எல்லாம் தங்களைத்தான் சொல்கிறேன் என்று பெருமைப்படட்டும். என் பெயர் தனசேகரன். அங்கே உதவியாளர். சாதிச் சான்று மனுக்கள் வந்து சேரும் மேசை என்னுடையது. சில மனுக்கள் அங்கிருந்து கிளம்பியும் போகும்.

அது இரண்டாயிரத்து இருபதின் கடைசி. கொரோனா பாதி போய்ப் பாதி இருந்தது. பள்ளிக்கூடமும் அங்கன்வாடியும் பூட்டிக் கிடந்தன. பூட்டாமல் நடந்தது போராட்டம் ஒன்றுதான். தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு நாள் மனு கொடுப்பார்கள். அதைக் கொடுக்கக் கூடாது என்று மறுநாள் வேறொருவர் மனு கொடுப்பார். இரண்டையும் நாங்கள் ஒரே மரியாதையோடு ஒரே அலமாரியில் வைப்போம்.

'ரிசர்வேஷன்' என்றால் வெளியூர்களில் ரயிலில் ஜன்னலோர சீட்டு என்றும் ஒரு பொருள் உண்டு. எங்கள் கள்ளக்குறிச்சியில் அந்தக் குழப்பம் இல்லை, ஏனென்றால் ரயிலே இல்லை. சின்னசேலத்திலிருந்து தண்டவாளம் 'வந்துகொண்டிருக்கிறது'. பல வருடமாகவே வந்துகொண்டிருக்கிறது. ஆகவே ரயில் மறியல் செய்ய ஆசைப்படும் எங்கள் ஊர்க்காரர்கள் முதலில் பஸ் பிடித்து ரயில் இருக்கும் ஊருக்குப் போகவேண்டும். அன்றைக்குப் பார்த்து பஸ் மறியல் என்றால் அதுவும் போச்சு. வளரும் மாவட்டத்துக்கு இது பெரிய குறை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் அப்சல்.

துருகம் சாலையில் சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் 'நூர் விஷன்' என்ற உள்ளூர் கேபிள் சேனலை அவர் நடத்தினார். நூர் என்பது அவர் மனைவி நூர்ஜகான். கல்யாண வாழ்த்து, புடவைக் கடை விளம்பரம், பழைய படம் இவைதான் சரக்கு. பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்து பெற்றோரைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்த அந்த வருடத்தில், சென்னையில் யாரிடமிருந்தோ ஒரு கார்ட்டூன் தொடரை மலிவாக வாங்கிவந்தார். மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. பேசும் ரயில்கள். இன்ஜினின் முகப்பில் இரண்டு பெரிய கண், கீழே வாய். ஊதா நிறத்தில் ஒரு எக்ஸ்பிரஸ், ஆரஞ்சில் ஒரு பாசஞ்சர், பழுப்பில் ஒரு கூட்ஸ். அவை என்ன மொழியில் பேசின என்பது அப்சலுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. தெரியாததால் தமிழாக்கம் மிகச் சுதந்திரமாக அமைந்தது.

ஊதாவுக்கு அப்சலே குரல் கொடுத்தார். ஆரஞ்சுக்கு நூர்ஜகான். பழுப்புக் கூட்ஸுக்குக் குரல் கொடுத்தவர் சின்னப்பொண்ணு.

சின்னப்பொண்ணு கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் அவர் ஊர். புளி, தேன், சாமை என்று மலையிலிருந்து கொண்டுவந்து டவுனில் தெருத்தெருவாக விற்பார். ஒருநாள் நூர்ஜகான் வீட்டு வாசலில் தேன் ஊற்றிக்கொண்டே, மலை பஸ் கொண்டை ஊசி வளைவில் எப்படி முக்கி முனகி ஏறும் என்று செய்து காட்டியிருக்கிறார். தெருப் பிள்ளைகள் அத்தனையும் கூடிவிட்டன. அப்சல் அன்றே அவரை மைக் முன்னால் உட்காரவைத்துவிட்டார்.

அதன் பிறகு எங்கள் ஊரில் மாலை ஆறு மணிக்கு ஒரு பிள்ளை தெருவில் இருக்காது. பழுப்பு மேடேறும். மூச்சு வாங்கும். "நான் சாமை ஏத்திக்கினு வரேன், கொஞ்சம் ஒத்திக்கோ சாமி!" என்று கத்தும். பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். என் வீட்டுப் பிள்ளையும் சோறு வேண்டுமென்றால், "சரக்கு ஏத்து!" என்றுதான் கேட்டது.

நான் அந்தக் குரலை ஏற்கெனவே அறிவேன். பதினான்கு மாதமாக மாதம் ஒருமுறை அது என் மேசைக்கு எதிரில் நின்று, "சார், எங்க மனு இன்னா ஆச்சுங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னப்பொண்ணுவின் மகள் சுபஸ்ரீ பன்னிரண்டாம் வகுப்பு நல்ல மார்க்கில் தேறியவள். நர்சிங் படிக்க விண்ணப்பித்திருந்தாள். பழங்குடியினர் இடத்தில் அவள் பெயர் வந்துவிட்டது. சாதிச் சான்றை ஜனவரி இருபதுக்குள் காட்டினால் சீட்டு. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சான்று கொடுக்கக் கள விசாரணை அவசியம். அதற்கு மலைக்குப் போகவேண்டும். ஜீப் இருந்த நாளில் டிரைவர் இல்லை. டிரைவர் இருந்த நாளில் டீசல் இல்லை. இரண்டும் இருந்த நாளில் மலையில் மழை. மழை இல்லாத நாளில் எனக்கு இடுப்பு வலி. இதையெல்லாம் ஒரே சொல்லில் அடக்கி, "பரிசீலனையில் இருக்கும்மா" என்பேன். எங்கள் துறையின் மிக அழகான சொல் அது.

டிசம்பர் மாதம் ஒளிபரப்பான ஒரு பகுதியில் அந்த அசம்பாவிதம் நடந்தது. ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே ஊதாவும் ஆரஞ்சும் வருகின்றன. ஆரஞ்சு ஒதுங்கி, பக்கத்துத் தடத்தில் நின்று, "நீ முன்னால் போ நண்பா" என்கிறது. ஊதா, "நன்றி நண்பா" என்று போய்விடுகிறது. விட்டுக்கொடுத்தல் என்ற நற்பண்பைப் பிஞ்சு உள்ளங்களில் பதியவைக்கும் பகுதி.

மறுநாள் காலை சின்னதுரை நாற்பது பேரோடு சைக்கிள் கடை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு சாதிச் சங்கத்தின் தலைவர். அவர்கள் சங்கத்து பேனரில் நான்கு பக்கமும் ஆரஞ்சு கரை. போராட்டத்துக்கு 'ரயில் மறியல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் டவுனின் வரலாற்றில் முதல் ரயில் மறியல்.

மாடியிலிருந்து அப்சல் இறங்கிவந்தார். "அண்ணே, அது சின்னப் புள்ளைங்க பாக்கறதுங்க. கார்ட்டூனு."

"அதான் சொல்றேன். என் பேரனுக்கு நாலு வயசு. 'தாத்தா, நாம ஏன் ஓரமா நிக்கறோம்?'னு கேக்கறான். நான் இன்னா பதில் சொல்றது?"

"அது சிங்கிள் லைனுங்கண்ணே. ரெண்டும் போனா முட்டிக்கும்."

"முட்டிக்கட்டும்! முட்டாம எந்தக் காலத்துல எவன் குடுத்தான்?"

மத்தியானம் இன்னொரு சங்கத்தின் தலைவர் இளவரசன் அறுபது பேரோடு வந்தார். ஊதா ஒருபோதும் நிற்கக்கூடாது என்பது அவர் கோரிக்கை. ஊதா தங்களுடையது என்று எப்போது தெரிந்தது என்று பின்னர் விசாரணையில் கேட்டேன். அவர் நேர்மையானவர். "நேத்து வரைக்கும் தெரியாதுங்க. சின்னதுரை ஆரஞ்சைத் தன்னுதுன்னு சொன்னாரு பாருங்க, அப்பதான் தெரிஞ்சிது" என்றார்.

பந்தோபஸ்துக்கு வந்த ஏட்டு, ரயில் மறியல் என்றால் ரயில்வே போலீஸ்தான் வரவேண்டும் என்று திரும்பிப் போனார். விஷயம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது.

எங்கள் அதிகாரியை நாங்கள் 'ஐயா' என்போம். சமாதானக் கூட்டம் நடத்துவதில் அவருக்கு நிகர் அவரே. கூட்டம் முடியும்போது சண்டை தீர்ந்திருக்குமா என்று தெரியாது, டீ தீர்ந்திருக்கும். முகக்கவசத்தோடு இரு தரப்பும் இரு வரிசையில் உட்கார்ந்தன. அப்சல் நடுவில். நான் ஓரத்தில் குறிப்பெழுத.

ஐயா தொடங்கினார். "முதல்ல ஒண்ணு தெளிவாகணும். இந்த ரயிலுங்க எந்த வகுப்பு?"

அப்சல் எழுந்தார். "அன்ரிசர்வ்டு சார். எல்லாப் பொட்டியும் ஜெனரல்தான்."

கூட்டத்தில் இருபுறமும் ஒரே நேரத்தில் கூச்சல் எழுந்தது. அது எப்படி ஜெனரல் ஆகலாம் என்று சின்னதுரை கேட்டார். முதல்முறையாக இளவரசன் அவரை ஆமோதித்தார். சமாதானத்தின் முதல் அறிகுறி என்று நான் குறிப்பில் எழுதினேன்.

"ஆதாரம் வேணும்," என்றார் ஐயா. "நிறத்தை மட்டும் வெச்சிச் சான்று கொடுக்க முடியாது. தகப்பன் பேரு, பிறந்த ஊரு, நிரந்தர முகவரி பாக்கணும். தனசேகரன், நீங்க உடனே கள விசாரணைக்குப் போங்க."

அலுவலகத்திலிருந்து அப்சலின் மாடிக்கு அரைக் கிலோமீட்டர். ஜீப் தரப்பட்டது. டிரைவர் இருந்தார். டீசலும் இருந்தது. இடுப்பு வலி எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை.

மூன்று பகுதிகளை நேரில் பார்வையிட்டேன். என் மேசை ஸ்கேலால் டிவி திரையில் வைத்து அளந்தேன். ஊதா பதினொன்றரை சென்டிமீட்டர். ஆரஞ்சு பதினொன்று. இந்த அரை சென்டிமீட்டர் வெளியே தெரிந்தால் ஊர் தாங்காது என்பதால் இரண்டையும் 'ஏறத்தாழ பதினொன்று' என்று பதிந்தேன். அங்க அடையாளம்: வலது கண்ணுக்குக் கீழே ஒரு விளக்கு. தகப்பனார் பெயர்: தயாரிப்பு நிறுவனம். நிரந்தர முகவரி: தண்டவாளம்.

சின்னப்பொண்ணு குரல் பதிவுக்காக அங்கே இருந்தார். எனக்குச் சமோசாவும் டீயும் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை.

"சார், இன்னிக்கி ஜீப்பு இருக்குதுங்களே. அப்படியே மேல வந்துட்டுப் போயிடலாமே. நானும் கூட வரேன். ஊரே சாட்சி சொல்லும்."

"இது வேற விசாரணைம்மா. அந்த ஜீப்பு இந்த விசாரணைக்கு மட்டும்தான்."

"இருவதாந்தேதி கடைசி நாளுங்க சார். பொண்ணு தினமும் காலண்டரைப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கறா. சாப்பாடு எறங்கல அவளுக்கு."

"பரிசீலனையில் இருக்கும்மா."

அவர் மைக் முன்னால் போய் உட்கார்ந்தார். திரையில் பழுப்பு மேடேறிக்கொண்டிருந்தது. அன்று அது ரொம்பவும் மூச்சு வாங்கியது. அப்சல்கூட, "கொஞ்சம் கம்மியா இழுங்க அக்கா" என்று சொல்லவேண்டியதாயிற்று.

இரண்டாம் கூட்டத்தில் சரித்திரப் புகழ் பெற்ற அந்த உடன்பாடு எட்டப்பட்டது. ஊதாவும் ஆரஞ்சும் இனி இணையான இரு தடங்களில் மட்டுமே ஓடும். இரண்டும் ஒரே நொடியில் கிளம்பி ஒரே நொடியில் நிற்கும். எந்த ரயிலும் எந்த ரயிலையும் 'நண்பா' என்று அழைக்காது. அது சம்மதமின்றி உரிமை எடுத்துக்கொள்வதாகும். திரை நேரத்தில் ஆளுக்கு நாற்பத்தேழரை சதவீதம்.

"மீதி அஞ்சு?" என்றார் சின்னதுரை.

"அது பழுப்புக்கு," என்றார் அப்சல்.

ஐயா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அறையைப் பார்த்தார். "பழுப்பு தரப்புல யார் வந்திருக்கீங்க?"

கடைசி வரிசையில் சின்னப்பொண்ணு எழுந்தார். "நான்தாங்க ஐயா அதுக்குக் கொரல் குடுக்கறேன்."

"எந்தச் சங்கம்?"

"சங்கம் எல்லாம் இல்லீங்க. நான் மட்டும்தான்."

"குரல் கொடுக்கறவங்க தரப்பு ஆக முடியாதும்மா. சங்கம் இருந்தாத்தான் தரப்பு. ஒக்காருங்க."

அப்சல் பதறிவிட்டார். "சார், புள்ளைங்க பாக்கறதே அந்தப் பழுப்புக்காகத்தான் சார்."

"பிள்ளைங்களுக்குச் சங்கம் இருக்கா?" என்று ஐயா கேட்டார். அப்சல் உட்கார்ந்துவிட்டார். 'சரக்கு ரயில் பேசினால் சரக்கு தாமதமாகும் என்பதால், பழுப்பு இனி மௌனமாக ஓடும். இயன்றவரை தூரத்தில் ஓடும்' என்று நான் குறிப்பில் எழுதினேன். அந்த ஐந்து சதவீதம் ஆளுக்கு இரண்டரையாகப் பிரிக்கப்பட்டது. இரு தலைவர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். டீ இன்னொரு சுற்று வந்தது.

அன்று மாலைக்குள் 'ஊதாச் சமூகம்', 'ஆரஞ்சுச் சமூகம்' என்று இரண்டு சான்றுகள் தயாராயின. கள விசாரணை, குறிப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் சேர்த்து மூன்று நாள். சங்கத்தார் அவற்றைப் பெரிதாக்கி பேனர் அடித்து, எலவனாசூர்கோட்டை வரைக்கும் கட்டினார்கள்.

சின்னப்பொண்ணுவின் வேலை போயிற்று. அப்சல் நல்ல மனிதர். புளியும் தேனும் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக வாங்கிக்கொண்டார்.

புதிய ஒப்பந்தப்படி ஒளிபரப்பு தொடங்கியது. இரண்டு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில், பேசாமல், ஒன்றை ஒன்று பார்க்காமல், அரை மணி நேரம் ஓடின. மிகக் கண்ணியமான நிகழ்ச்சி. ஒரு பிள்ளைகூடப் பார்க்கவில்லை. ஆறு மணிக்குத் தெருவெல்லாம் பிள்ளைகள். ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுத் தள்ளிக்கொண்டு போவார்கள். யாரும் ஊதா இல்லை, யாரும் ஆரஞ்சு இல்லை. அத்தனையும் கூட்ஸ். "சாமை ஏத்திக்கினு வரேன், ஒத்திக்கோ சாமி!"

ஒரு வாரம் கழித்துச் சின்னதுரை தனியாக என் மேசைக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேரன் சோறு துன்ன மாட்டேங்கறான் சார். பழுப்புதான் வேணுமாம். அதையும் நம்ம கணக்குல சேத்து ஒரு சர்ட்டிபிகேட்டு போட்டுக் குடுக்க முடியுமா?"

மனு கொடுக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். அதே கோரிக்கையோடு சாயங்காலம் இளவரசன் வந்தார். அவருக்கும் ஒரு பேத்தி இருந்தாள்.

பொங்கல் கழிந்தது. குடியரசு தினம் நெருங்கியதால், 'நிலுவையில்லா அலுவலகம்' என்ற இலக்கை எட்டும்படி ஐயா உத்தரவிட்டார். பழைய மனுக்கள் எல்லாம் பைசல் ஆகவேண்டும். சுபஸ்ரீயின் மனுவை எடுத்தேன். கள விசாரணை நடக்கவில்லை. விசாரணை இல்லாமல் ஒரு மனுவை ஏற்க விதியில் இடமில்லை. மறுக்க, தாராளமாக இடம் உண்டு. ஆனால் மறுப்பதற்குக் காரணம் எழுதவேண்டும். அதில்தான் ஒரு உதவியாளரின் திறமை தெரியும்.

நான் எழுதினேன்: 'மனுதாரரின் தாயார் நீண்ட காலமாக ரயில் குரலில் பேசிவந்தது இவ்வலுவலகத்தின் விசாரணையில் நேரில் கண்டறியப்பட்டது. கல்வராயன் மலையில் ரயில் இல்லை. ஆகவே இவர்கள் மலையைச் சேர்ந்தவர்கள் என்பது ஐயத்திற்குரியது. மனு நிராகரிக்கப்படுகிறது.'

ஐயா ஒருமுறை படித்தார். "லாஜிக் சரியா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தேதி ஜனவரி பத்தொன்பது. கடைசித் தேதிக்கு ஒரு நாள் முன்பே முடிவு தெரிவித்துவிட்டோம். எங்கள் வேகத்தைப் பற்றிக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

குடியரசு தினத்தன்று எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. 'சமூக நல்லிணக்கத்துக்கு ஆற்றிய சீரிய பணிக்காக'. சட்டம் போட்டு மேசைமேல் வைத்தேன்.

மறுநாள், மனுவுக்காகக் கொடுத்திருந்த அசல் மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்கிப் போகத் தாயும் மகளும் வந்தார்கள். சுபஸ்ரீ என்னைப் பார்க்கவில்லை. மார்க் ஷீட்டை விரித்து, நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பாலிதீன் உறையில் போட்டுக்கொண்டாள். அடுத்த திங்கட்கிழமை திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறாள் என்று அவள் தாய் சொன்னார். மலையிலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்து போகிறார்களாம்.

"எங்க மனுவத் தள்ளுன தாள்ல இன்னா எழுதியிருக்குதுன்னு ஒருவாட்டி படிங்க சார்," என்றார் சின்னப்பொண்ணு.

படித்தேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மலையில ரயிலு இல்லன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதான் ஒருநாளும் மேல வரலியே."

இது பதிவேட்டில் இல்லாத கேள்வி. நான் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்கினேன். அவர் பார்வை சட்டம் போட்ட சான்றிதழின் மேல் போயிற்று.

"இது உங்களுதா சார்?"

"ஆமாம்மா. குடியரசு தினத்துக்குக் கொடுத்தாங்க."

"எத்தினி நாள்ல குடுத்தாங்க?"

"ஒரே நாள்ல."

"நீங்க இன்னா வேலை செஞ்சீங்கன்னு யாராச்சும் வந்து விசாரிச்சாங்களா சார்?"

முப்பது வருட சர்வீசில் நான் ஒரு மனுதாரருக்குச் சொன்ன ஒரே நேரான பதில் அதுதான்.

"இல்லம்மா. விசாரிச்சிருந்தா கொடுத்திருக்க மாட்டாங்க."